உருக்குப் பட்டறைக்குத் தப்பிய முட்டை

பழைய தங்கத்தை வாங்கி, உருக்குகிறவர்களுக்குக் கைமாற்றிவிடுவது அவர் தொழில். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதிக்காரர், பெயர் வெளியிடப்படவில்லை. பழம்பொருள் சந்தை ஒன்றில் ஏறத்தாழ 14,000 டாலர் கொடுத்து ஒரு தங்க முட்டையை வாங்கினார். சிங்கப் பாதங்கள் தாங்கும் முக்காலிப் பீடம், அதன்மேல் நெடுக வரிவரியாகக் கோடிட்ட முட்டை, சுற்றிலும் நீலக்கற்கள், முகப்பில் ஒரு வைரம். மொத்த உயரமே 8.2 செ.மீ. வைரத்தை அழுத்தினால் மூடி திறக்கும். உள்ளே வஷ்ரோன் கான்ஸ்டன்டின் நிறுவனத்தின் சின்னஞ்சிறு கடிகாரம். தங்கத்துக்கு இவ்வளவு, கல்லுக்கு இவ்வளவு, கடிகாரத்துக்கு இவ்வளவு என்று கூட்டிப் பார்த்து, 500 டாலராவது மிஞ்சும் என்று நினைத்திருந்தார். பார்க்க வந்தவர்கள் சுரண்டிச் சோதித்தார்கள், நிறுத்துப் பார்த்தார்கள், கேட்ட விலை பெறாது என்று போய்விட்டார்கள். சோதித்த கீறல்கள் முட்டையில் பதிந்துபோயின.

2012இல் ஒருநாள் கூகுளில் முட்டை என்றும் கடிகார நிறுவனத்தின் பெயரையும் சேர்த்துப் போட்டுத் தேடினார். லண்டன் டெலிகிராஃப் நாளிதழில் முந்தைய ஆண்டு வந்த கட்டுரை ஒன்று அகப்பட்டது. காணாமல்போன ரஷ்ய அரச முட்டையின் பழைய படம் அதில் இருந்தது. அதே முட்டை அவர் வீட்டில் இருந்தது. புகைப்படங்களோடு லண்டனுக்குப் பறந்தார். வார்ட்ஸ்கி என்ற நகை வணிக நிறுவனத்தின் கீரன் மெக்கார்த்தி அமெரிக்கா வந்து, சமையலறை மேடைமேல் வைத்திருந்த முட்டையைப் பார்த்து உறுதிசெய்தார். 1887 ஈஸ்டருக்கு ஜார் மூன்றாம் அலெக்சாண்டர் தன் மனைவி மரியா ஃபியோதரோவ்னாவுக்குக் கொடுத்த பரிசு அது. செய்தது பீட்டர்ஸ்பர்க்கின் ஃபேபர்ஜே நிறுவனம். மதிப்பு 2 கோடி பவுண்டு இருக்கலாம் என்று பேசப்பட்டது. 1902இல் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்த கண்காட்சிக்குப் பிறகு, இன்னதென்று தெரிந்து மக்கள் அதைப் பார்த்தது 2014 ஏப்ரலில்தான்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது புதையல் கிடைத்த அதிர்ஷ்டம் அல்ல. அந்த முட்டையை யாரும் ரசித்துக் காப்பாற்றவில்லை. வியாபாரி எடைக்கு மேல் விலை கொடுத்து மாட்டிக்கொண்டார். போட்ட காசு திரும்பாததால் உருக்காமல் வைத்திருந்தார். 500 டாலர் லாபத்துக்கு ஓர் ஆள் கிடைத்திருந்தால், இன்று அது பல வளையல்களில் கலந்துபோயிருக்கும்.

வியாபாரியைக் குறைசொல்ல நமக்கு அருகதை இல்லை. பழைய நகையைப் போட்டுப் புதிது எடுக்கப்போன எவருக்கும் இந்தக் கணக்குத் தெரியும். கல்லைக் கழிப்பார்கள், அரக்கைக் கழிப்பார்கள், அழுக்குக்கும் ஒரு குன்றிமணி கழிப்பார்கள். பாட்டி காலத்து அட்டிகையைச் செய்தவர் அதற்காக எத்தனை மாதம் ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்தார் என்பது தராசுக்குத் தெரியாது. செய்கூலியும் சேதாரமும் நமக்கு நஷ்டக் கணக்கு. அவை இல்லை என்பதையே கடைக்காரர்கள் விளம்பரம் செய்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகள், இறைவனுக்குக் கொடுத்த நகைகளைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று நிறுத்து எழுதியிருக்கின்றன. கோத்த சரடும் உள்ளே நிரப்பிய அரக்கும் எடையில் சேர்ந்ததா என்பதைக்கூட விட்டுவைக்கவில்லை. முத்துகளை அவற்றின் வடிவும் நிறமும் பார்த்து இனம் பிரித்திருக்கிறார்கள். இவ்வளவு நுணுக்கமான நகைப் பதிவு உலகில் அபூர்வம். நகைகளோ போய்விட்டன. அந்தப் பொன் எந்தெந்த அரசின் நாணயமாகி எந்தெந்தக் கழுத்தில் ஏறியதோ! பொன்னுக்கு அழிவில்லை, அதனால்தான் பொன்னால் செய்த உருவத்துக்கு ஆயுள் குறைவு. மரச்சிற்பத்தை எரித்தால் சாம்பல்தான் மிஞ்சும், யாருக்கும் லாபமில்லை. நகையை அழித்தாலோ கைமேல் காசு.

அந்த முட்டை பரிசாகப் போன அதே 1887இல், மே மாதம், பிரெஞ்சுக் குடியரசு தன் நாட்டு அரச நகைகளை ஏலம் போட்டது. முடியாட்சி திரும்பி வந்துவிடக் கூடாது, வந்தாலும் சூட்டிக்கொள்ள ஒன்றும் இருக்கக் கூடாது என்பது அரசியல் காரணம். ஏலத்தில் அதிகம் வாங்கியவர்களில் முதன்மையானது நியூயார்க்கின் டிஃபனி நிறுவனம். பெரிய ஆரங்கள் துண்டுதுண்டாகப் பிரிக்கப்பட்டு, கற்கள் புது நகைகளாகி அமெரிக்கச் செல்வந்தர் வீடுகளுக்குப் போயின. ஏலத்துக்குத் தப்பியவையும் பின்னர் மீட்கப்பட்டவையும் லூவர் அருங்காட்சியகத்தில் இருந்தன. 2025 அக்டோபர் 19 அன்று காலை, பட்டப்பகலில் அங்கு புகுந்த திருடர்கள் எட்டு நகைகளோடு தப்பினார்கள். பேரரசி யூஜெனியின் கிரீடத்தை மட்டும் வழியில் தவறவிட்டார்கள். களவு போனவற்றின் மதிப்பு 8.8 கோடி யூரோ என்றார் பாரிஸ் அரசு வழக்கறிஞர். கூடவே, பிரித்து உருக்கினால் திருடர்களுக்கு அந்தத் தொகை கிடைக்காது என்றும் சொன்னார். நகையின் விலைக்கும் அதிலுள்ள கல், தங்கத்தின் விலைக்கும் இடையில் இருக்கும் தூரத்தை ஒரு சட்ட அதிகாரி திருடர்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ஃபேபர்ஜே என்ற மனிதர் அந்தத் தூரத்திலேயே தொழில் நடத்தியவர். பீட்டர் கார்ல் ஃபேபர்ஜே 1846இல் பிறந்தார். தந்தை 1842இல் பீட்டர்ஸ்பர்க்கில் திறந்த சாதாரண நகைக்கடையை 1872இல் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். இளமையில் குடும்பம் ஜெர்மனியின் டிரெஸ்டனுக்குக் குடிபெயர்ந்தபோது, அங்குள்ள ‘பசுமை அறை’ என்னும் அரசக் கருவூலத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. சாக்சனி நாட்டை ஆண்ட அகஸ்டஸ் 1720களில் காட்சிக்கூடமாக மாற்றியமைத்த இடம் அது. அங்கே இருக்கும் ஒரு பொருள் நமக்குச் சற்று நெருக்கமானது: டிங்லிங்கர் என்ற பொற்கொல்லர் தன் சகோதரர்களோடு சேர்ந்து 1701 முதல் 1708 வரை செய்த ‘ஔரங்கசீபின் பிறந்தநாள் தர்பார்’. சிம்மாசனத்தில் ஔரங்கசீப், முன்னால் மண்டியிடும் சிற்றரசர்கள், யானைகள், பரிசுத் தட்டுகள். விரல் அளவு உருவங்கள் நூற்று முப்பதுக்கும் மேல், ஏறத்தாழ 5,000 வைரங்கள். டிங்லிங்கர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. பயண நூல்களைப் படித்துக் கற்பனை செய்தார். பிரேசிலில் வைரம் கிடைக்காத காலம் அது. ஐரோப்பாவின் வைரங்கள் பெரும்பாலும் நம் தக்காணத்திலிருந்து போனவை. கல் இங்கிருந்து போயிற்று, பிறகு இந்த ஊரைப் பற்றிய கனவாக அங்கே உட்கார்ந்துகொண்டது. தர்பார் நடந்துகொண்டிருக்கும்போதே மன்னர் இறந்துபோனதைத் தவிர (ஔரங்கசீப் இறந்தது 1707) கணக்கில் குறையொன்றும் இல்லை.

கார்ல் ஃபேபர்ஜே அந்த அறையிலிருந்து கற்றது பலவகையில் தெரிகிறது. 1894இல் செய்த ‘மறுமலர்ச்சி முட்டை’ அங்கிருக்கும் ஒரு பேழையின் வடிவையே பெரிதும் பின்பற்றியது. ஆனால் கல்லைக் கொட்டிக் கண்ணைப் பறிக்கும் போக்கை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. 1914இல் ரஷ்யப் பத்திரிகை ஒன்றுக்குப் பேசும்போது, எத்தனை வைரம், எத்தனை முத்து என்பதில் மட்டும் விலை நிற்கிற பொருளில் தனக்கு நாட்டமில்லை என்ற கருத்தைச் சொன்னார். விற்பனைக்காகச் சொன்ன வசனம் என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் அவர் கடையில் செய்தவை அந்தப் பேச்சுக்குச் சாட்சி.

முட்டைகளின் கதை தெரிந்ததுதான். ரஷ்ய மரபுத் திருச்சபையினர் ஈஸ்டரன்று மும்முறை முத்தமிட்டு முட்டை பரிமாறிக்கொள்வார்கள். 1885இல் மூன்றாம் அலெக்சாண்டர் மனைவிக்குக் கொடுத்த முதல் முட்டை வெளியே வெறும் வெள்ளை எனாமல். திறந்தால் மங்கலான தங்க மஞ்சள்கரு, அதற்குள் பல நிறத் தங்கத்தில் ஒரு கோழி. கோழிக்குள் வைரக் கிரீடமும் மாணிக்கத் தொங்கலும் இருந்தன, அவை தொலைந்துவிட்டன. கவனிக்க வேண்டும்: பிரித்து விற்கத் தக்க பகுதிதான் தொலைந்தது, கோழி நிற்கிறது. அலெக்சாண்டருக்குப் பின் மகன் இரண்டாம் நிக்கோலஸ் ஆண்டுக்கு இரண்டாகத் தாய்க்கும் மனைவிக்கும் கொடுத்தார். ஜப்பானோடு போர் நடந்த 1904, 1905 ஆண்டுகளில் முட்டை இல்லை. மொத்தம் அரண்மனைக்குச் சேர்ந்தவை 50. ஒவ்வொன்றின் உள்ளும் ஏதோ ஒன்று ஒளிந்திருக்க வேண்டும் என்பது விதி. 1900இன் சைபீரிய ரயில் முட்டைக்குள், சாவி கொடுத்தால் ஓடும் தங்க ரயில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

பட்டறை எப்படி வேலை செய்தது என்பதற்கு எனாமல் ஒன்றே போதும். கடைசல் பொறியில் தங்கத்தையோ வெள்ளியையோ பொருத்தி, அலை அலையாகவோ கதிர் கதிராகவோ மயிரிழைக் கோடுகள் செதுக்குவார்கள். கீயோஷே என்று பெயர். உலோக ஆக்சைடு கலந்து நிறமேற்றிய கண்ணாடியை மாவாக அரைத்து, நீரில் குழைத்து, அதன்மேல் பூசி, உலர்த்தி, 700 முதல் 800 டிகிரிச் சூட்டில் சில நிமிடங்கள் சூளையில் வைப்பார்கள். எடுத்து ஆறவிட்டு மறுபடி ஒரு பூச்சு, மறுபடி சூளை, ஐந்தாறு முறை. தட்டையான பரப்பில் இது சுலபம். முட்டை போல வளைந்த பரப்பில் உருகிய கண்ணாடி கீழே வழியப் பார்க்கும். உலோகமும் கண்ணாடியும் ஆறும்போது சுருங்குவது வெவ்வேறு அளவில் என்பதால், உட்புறமும் பூசாவிட்டால் வெடிக்கும். ஐந்தாம் சூட்டில் ஒரு குமிழி விழுந்தால் முந்தைய நான்கும் வீண். கடைசியில் மரச்சக்கரத்தாலும் மென்தோலாலும் மணிக்கணக்கில் தேய்த்தால், ஒளி கண்ணாடிக்குள் இறங்கி அடியில் செதுக்கிய கோடுகளில் பட்டுத் திரும்பி வரும். முட்டையைத் திருப்பத் திருப்ப அலை நகரும். நூற்றுநாற்பதுக்கும் மேற்பட்ட நிறங்கள் அவர்களிடம் இருந்தன. இதில் பொருட்செலவு என்ன? கொஞ்சம் கண்ணாடிப் பொடி. மிச்சமெல்லாம் ஆட்களின் நேரம்.

அந்த ஆட்களில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆல்மா பீல் 1888இல் மாஸ்கோவில் பிறந்தவர், ஃபின்லாந்து வம்சாவளி. தந்தை ஃபேபர்ஜேயின் மாஸ்கோ பட்டறையில் இருந்தார், தாய்வழித் தாத்தா பீட்டர்ஸ்பர்க்கின் தலைமை நகைத்தச்சர்களில் ஒருவரான ஆகஸ்ட் ஹோல்ம்ஸ்ட்ரோம். முறையான ஓவியப் படிப்பு இல்லாமல், 1909இல் தாய்மாமன் ஆல்பர்ட்டின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். செய்து முடித்த நகைகளைப் பதிவேட்டில் அதே அளவில் வரைந்து வைப்பது வேலை. ஓய்வில் தானாகவும் ஏதாவது வரைவார். அதைப் பார்த்த மாமன் செய்யக் கொடுத்தார்.

1911 ஜனவரியில் இம்மானுவேல் நோபலிடமிருந்து அவசர ஆர்டர் ஒன்று வந்தது. பாகு எண்ணெய்க் கிணறுகளின் அதிபர். ஆல்ஃபிரட் நோபலின் அண்ணன் மகன். நாற்பது சிறு புரூச்சுகள் வேண்டும், யாரும் இதற்கு முன் பார்த்திராத வடிவம் வேண்டும், பரிசாகப் பெறுகிறவர்களுக்கு லஞ்சம் என்று தோன்றும்படி விலையுயர்ந்த பொருளும் இருக்கக் கூடாது. பட்டறைச் சன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்த பீல், வெளிக்குளிரில் கண்ணாடியில் படிந்திருந்த உறைபனிப் பூக்களைப் பார்த்தார். அந்த வடிவில் நாற்பது. அதிலிருந்துதான் 1913இன் ‘குளிர்கால முட்டை’ பிறந்தது, நிக்கோலஸ் தன் தாய்க்குக் கொடுத்தது. உருகும் பனிக்கட்டிபோல் குடைந்த பளிங்குப் பீடம், ஒளி ஊடுருவும் பளிங்கு முட்டை. முட்டையின் உட்சுவரில் பனிக்கோலம் செதுக்கி, வெளியே பிளாட்டினத்தில் பொடி வைரங்களால் அதே கோலம். உள்ளே தொங்கும் பிளாட்டினக் கூடையில் வெண்கல்லில் இழைத்த வசந்தகால அனிமோன் மலர்கள், பச்சைக்கல்லில் இலைகள், தங்கப் பாசிக்கொத்து. பனி விலகி வசந்தம் வருவது ஈஸ்டருக்குப் பொருத்தம். பேர்சொல்லும்படி ஒரு பெரிய வைரம்கூட அதில் கிடையாது, எல்லாம் பொடிக்கற்கள். பளிங்கோ மலிவான கல். ஆனாலும் அரண்மனைக்குப் போன சிட்டை 24,600 ரூபிள், ஃபேபர்ஜே முட்டைகளுக்குப் போட்ட விலையில் மிக உயர்ந்தவற்றில் ஒன்று. மறு ஆண்டு, மாமியார் பின்னிக்கொண்டிருந்த ஊசித்தையலைப் பார்த்து ‘மொசைக் முட்டை’யை வரைந்தார் பீல்.

புரட்சிக்குப் பின் 1921இல் கணவரோடு ஃபின்லாந்துக்குப் போனார். கூசாங்கோஸ்கி என்ற காகித ஆலை ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியமும் கையெழுத்தும் சொல்லிக்கொடுத்தார், 1951 வரை. தங்கள் டீச்சர் யாருக்காக எதை வரைந்தவர் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. 1976இல் இறந்தார். ஹோல்ம்ஸ்ட்ரோம் பட்டறையின் பழைய பதிவேடுகள் பின்னர் வெளிவந்தபோதுதான் எந்த வடிவம் யார் கையிலிருந்து வந்தது என்று ஆய்வாளர்கள் பொருத்திப் பார்க்க முடிந்தது.

எல்லா முட்டைகளும் இந்தத் தரத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில வெறும் அரண்மனைப் புகழ்பாடல். படங்களும் முடியெழுத்துகளும் அப்பிய பொம்மைகள். வேலைப்பாட்டில் உச்சமான 1897இன் ‘முடிசூட்டு முட்டை’யைக்கூட என்னால் முழு மனதோடு ரசிக்க முடியவில்லை. உள்ளே இருக்கும் பத்து செ.மீ.க்கும் குறைவான தங்க ரதத்தைச் செய்ய ஜார்ஜ் ஸ்டைன் என்ற கைவினைஞருக்குப் பதினைந்து மாதம் ஆயிற்று. சக்கரங்கள் சுழலும், கதவு திறக்கும், படிக்கட்டு இறங்கும். ஆனால் அது கொண்டாடும் முடிசூட்டு விழா 1896 மேயில் மாஸ்கோவில் நடந்தது. கோதிங்கா மைதானத்தில் மக்களுக்குப் பரிசு கொடுப்பதாக அறிவித்திருந்தார்கள்: ரொட்டி, சாசேஜ், அரச முத்திரை போட்ட எனாமல் குவளை ஒன்று. நெரிசலில் அரசுக் கணக்குப்படியே 1,389 பேர் இறந்தார்கள். அந்தத் தகரக் குவளைகளும் இன்று ஏலத்துக்கு வருகின்றன, வாங்கவும் ஆள் இருக்கிறது. ஒரே விழா, ஒரே எனாமல், இரண்டு விலை.

அரச குடும்பம் சுட்டுக் கொல்லப்பட்ட கதையால்தான் இந்த முட்டைகளுக்கு இவ்வளவு மவுசு என்று சொல்பவர்கள் உண்டு. அது முழு உண்மையானால், விலை 1920களிலேயே உச்சத்தில் இருந்திருக்க வேண்டும். கொலை நடந்து பத்தாண்டுகூட ஆகவில்லை. நடந்தது தலைகீழ். 1917இல் முட்டைகளும் அரச நகைகளும் கிரெம்ளினுக்கு அனுப்பப்பட்ட பெட்டிகளை சோவியத் அரசு பிரித்து, அந்நியச் செலாவணிக்காக விற்றது. பெரிய வைரங்கள் உள்ள அரச நகைகளுக்குத்தான் முதல் மரியாதை. லண்டன் கிறிஸ்டீஸில் 1927இல் தனி ஏலமே நடந்தது. முட்டைகள் காலாவதியான அலங்காரப் பொம்மைகளாகப் பார்க்கப்பட்டன. ‘குளிர்கால முட்டை’ வார்ட்ஸ்கியிடம் 450 பவுண்டுக்குப் போயிற்று. ‘மொசைக் முட்டை’யை 1933இல் பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் 250 பவுண்டுக்கு வாங்கினார், கொலையுண்ட நிக்கோலஸின் சொந்தப் பெரியம்மா மகன். அவருக்கே அவ்வளவுதான் கொடுக்கத் தோன்றியது. கண் விழித்தவர்கள் பிறகு வந்தார்கள். அமெரிக்கப் பத்திரிகை அதிபர் மால்கம் ஃபோர்ப்ஸ் சேர்த்த ஒன்பது அரச முட்டைகளை 2004இல் ரஷ்யத் தொழிலதிபர் வெக்செல்பர்க் மொத்தமாக வாங்கி பீட்டர்ஸ்பர்க்குக்குக் கொண்டுபோனார். ‘குளிர்கால முட்டை’ 1994இல் 72 லட்சம் சுவிஸ் ஃபிராங்க், 2002இல் ஏறத்தாழ 96 லட்சம் டாலர், 2025 டிசம்பரில் 2.29 கோடி பவுண்டு. பளிங்கின் விலை இதற்கிடையில் உயரவில்லை. உயர்ந்தது, இனி அப்படி ஒன்றைச் செய்ய ஆளில்லை என்ற உணர்வின் விலை.

விலை ஏறினால் போலி வரும். 2021இல் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகக் கண்காட்சியிலேயே பல பொருட்கள் போலி என்று வணிகர் ஒருவர் பகிரங்கக் கடிதம் எழுதினார்; அருங்காட்சியகம் ஏற்கவில்லை. பெயருக்கும் தனிச் சந்தை உண்டு. 1930களில் அமெரிக்கத் தொழிலதிபர் ஒருவர் வாசனைத் திரவியத்துக்கு ஃபேபர்ஜே என்று பெயர் வைத்தார். பெயர் பறிபோன குடும்பம் 1951இல் 25,000 டாலருக்குச் சமாதானமானது. நம் ஊர் முடிதிருத்தகங்களில் மணத்த புரூட் அந்த வழியில் வந்ததுதான்.

50 அரச முட்டைகளில் 43 இருக்குமிடம் தெரியும். மீதி ஏழு முட்டைகளைத் தேடுவது பெரும்பாலும் நூலகத்தில் நடக்கும் வேலை: அரண்மனைச் சிட்டைகள், 1902 கண்காட்சிப் புகைப்படம், பழைய ஏலப் பட்டியல்கள். அமெரிக்க வியாபாரியிடம் அகப்பட்ட முட்டைகூட 1964இல் நியூயார்க்கில் 2,450 டாலருக்குப் பெயரில்லாமல் ஏலம்போனது என்பதைப் பட்டியல் புரட்டிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்த பிறகே செய்தித்தாளுக்கு வந்தது. அடுத்து அகப்படக்கூடியது என்று நான் நினைப்பது 1889இல் செய்த ‘நெசசேர்’ முட்டை. உள்ளே பெண்களுக்கான ஒப்பனைச் சாமான்கள் பதின்மூன்று. 1952 ஜூனில் வார்ட்ஸ்கி அதை 1,250 பவுண்டுக்கு விற்றது. விற்பனைப் பதிவில் வாங்கியவர் பெயருக்குப் பதில் ‘அந்நியர் ஒருவர்’ என்றிருக்கிறது. அன்றைக்குத் தங்கம் அவுன்சு ஏறத்தாழ பன்னிரண்டரை பவுண்டு. கொடுத்த பணத்துக்கு மூன்று கிலோ தங்கம் வாங்கியிருக்கலாம். கையடக்க முட்டையில் அவ்வளவு தங்கம் இருக்க வழியே இல்லை. ஆகவே, உருக்குவதற்காக வாங்கியவர் அல்ல அவர்.